அடைத்தவர் கடன்

பொழுது சாய்ந்ததும் ஆயா கோழிகளை அடைப்பாள். ஒன்று, இரண்டு என்று எண்ணி அடைத்து நான் பார்த்ததில்லை. "செவல வந்துட்டா, கருப்பி வந்துட்டா, மொட்டக்கழுத்து எங்கடா?" என்று பேர் சொல்லித்தான் அடைப்பாள். ஒரு கைப்பிடி நொய்யை நடையில் இறைத்து, எல்லாம் கூடியதும் பெரிய மூங்கில் கூடையை மேலே கவிழ்த்து, அதன் தலையில் அம்மிக் குழவியைத் தூக்கி வைப்பாள். மதுரைப் பக்கம் இந்தக் கூடைக்குப் பஞ்சாரம் என்று பேர். கொங்கு நாட்டில் கொடாப்பு. எங்கள் ஊரான தாமலில் அது வெறும் கூடைதான். கூடை இருந்த நடையிலேயே ஆயாவும் பாய் விரிப்பாள். இரண்டுக்கும் நடுவே ஒரு முழம் இருந்தால் அதிகம். ராத்திரியில் கூடைக்குள் ஒரு கோழி இடம் மாறி உட்கார்ந்தாலும் ஆயா இருமுவாள். அந்த இருமலுக்குக் கோழி அடங்கும். யாருக்கு யார் காவல் என்று அப்போது நான் யோசித்ததில்லை.

கோழிகள் பெருகின. வீட்டுக்குள் நாற்றம் என்று பேச்சு வந்தது. சித்தப்பா கொல்லைக்கோடியில் ஒரு கூண்டு கட்டினார். இரண்டடி உயரத்துக்கு ஹாலோபிளாக் கல், அதற்கு மேல் அறுகோணக் கண் வைத்த கோழி வலை, தலைக்குத் தகரம், முன்பக்கம் ஒரு மரக்கதவு, அதில் ஒரு கொக்கி. பஜாரில் அந்த வலையைக் கேட்டால் கோழி வலை என்றே கொடுப்பார்கள். பேரே அப்படி இருக்கும்போது வேறு யோசனை எதற்கு? கூடை பரணுக்குப் போனது. ஆயாவின் பாய் மட்டும் நடையில் இருந்தது.

ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்த ஒரு ராத்திரி. தகரத்தில் மழை விழும் சத்தத்தில் வேறொன்றும் கேட்கவில்லை. விடிந்து போய்ப் பார்த்தால் வலையின் ஒரு மூலை உள்பக்கமாக மடங்கியிருந்தது. பதினோரு கோழிகள் பலியாகியிருந்தன. தூக்கிக்கொண்டு போனது ஒன்றோ இரண்டோதான். மற்றவை கடிபட்ட இடத்திலேயே கிடந்தன, தின்னப்படாமல்.

தெருவே கூடி வழக்கு விசாரித்தது. இதில் எங்கள் ஊரில் எல்லோருமே நிபுணர்கள். முட்டை மட்டும் காணாமல் போனால் பாம்பு. கழுத்தில் மட்டும் காயம் என்றால் கீரி, இல்லையென்றால் மரநாய். சுவடில்லாமல் முழுக்கோழி மறைந்தால் காட்டுப்பூனை. வேலி வரைக்கும் இறகு சிதறிக் கிடந்தால் நரி. தாறுமாறாகக் கிழித்துப் போட்டிருந்தால் நாய். எங்கள் வீட்டு வழக்கில் சாட்சியங்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. ஏரிக்கரையிலிருந்து வந்த நரி என்றார் ஒருவர். எதிர்த்தெரு நாய்கள்தான் என்றார் இன்னொருவர். முனீஸ்வரனுக்கு நேர்ந்துவிட்ட சேவலும் செத்ததில் சேர்த்தி. "தன் சேவலயே காப்பாத்திக்க முடியாதவரு, என் கோழியவா காப்பாத்தப் போறாரு" என்று ஆயா சாமியையும் ஒரு பிடி பிடித்தாள். கடைசியில் அவளே தீர்ப்பும் சொன்னாள்: "நரியும் கெடையாது, நாயும் கெடையாது. அடச்சிட்டுத் தூங்கிட்டோம். அவ்ளோதான்."

அப்போது முருங்கை மரத்திலிருந்து ஒரு கெக்கரிப்பு கேட்டது. மொட்டைக்கழுத்து. முதல் நாள் மாலை கூண்டுக்குள் வர மறுத்து மரத்தில் ஏறிக்கொண்ட ஒரே கோழி. தப்பிப் பிழைத்ததும் அது ஒன்றுதான்.

*

அந்த முருங்கை மரத்துக் கோழி பல வருடங்கள் என்னை விடவில்லை. பத்திரமான இடத்தில் வைத்தவை எல்லாம் செத்தன. பத்திரம் வேண்டாம் என்று போனது பிழைத்தது. இதை விதி என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் இதற்கு விதியைவிடத் தெளிவான விளக்கம் ஒன்று இருக்கிறது.

ஹான்ஸ் குரூக் என்ற விலங்கியலாளர் இங்கிலாந்தின் மேற்குக் கடற்கரையில், ராவன்கிளாஸ் என்ற இடத்தில், தரையில் கூடு கட்டும் கடற்காகங்களையும் அவற்றைத் தேடி வரும் நரிகளையும் கவனித்தவர். மற்ற நாட்களில் நரிக்கு அங்கே பெரிய வேட்டை ஒன்றும் கிடைக்காது. பறவைகள் எழுந்து பறந்துவிடும். கும்மிருட்டான ராத்திரிகளில் மட்டும் அவை பறக்காமல் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தன. அந்த ராத்திரிகளில் நரிகள் தின்ன முடிகிற அளவுக்கு மேல், பல மடங்கு கொன்று போட்டன. 1972இல் இதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் இன்றும் பேசப்படுகிறது. அதன் சாரம் இது: பிடிப்பதும் கொல்வதும் ஒரு தூண்டுதல், தின்பது வேறொரு தூண்டுதல். வயிறு நிறைந்ததும் தின்பது நிற்கும். எதிரில் இரை படபடத்துக்கொண்டே இருந்தால் கொல்வது நிற்காது. காட்டில் இந்தக் கேள்வியே அநேகமாக எழாது. ஒன்றைப் பிடிப்பதற்குள் மற்றவை ஓடிவிடும். இரையின் ஓட்டம்தான் கொலைக்கு வரம்பு.

அந்த வரம்பைக் கூண்டு எடுத்துவிடுகிறது. கோழிக்கு இருட்டில் கண் தெரியாது. நாலு பக்கமும் வலை. ஒரு மூலை மடங்கி ஒரு வாய் உள்ளே நுழைந்துவிட்டால், அதுவரை காவலாக இருந்த மற்ற மூன்று பக்கமும் அந்தக் கணமே பொறியாகிவிடும். அன்றைக்கு எங்கள் கொல்லைக்கு வந்தது எதுவாக இருந்தாலும் அது ஒரு கோழிக்காகத்தான் வந்திருக்கும். மற்ற பத்தையும் ஓட முடியாமல் செய்துவைத்தவர்கள் நாங்கள். ஓட்டை உள்ள கூண்டு, கூண்டே இல்லாததைவிட மோசம். ஆயா சொன்ன தீர்ப்பின் கனம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஓர் உயிரை அடைக்கும்போது அது ஓடும் உரிமையை வாங்கிக்கொள்கிறோம். அதற்கு ஈடாக நாம் கொடுக்க வேண்டியது நம் தூக்கம்.

*

தமிழ்ப் பாட்டில் இந்தக் கொல்லைப்புறத்துக்கு வயது அதிகம். காட்டுப்பூனைக்குச் சங்கப் புலவர்கள் வைத்திருந்த பேர் வெருகு. குறுந்தொகை 139ஆம் பாட்டில் ஒக்கூர் மாசாத்தியார், வேலியோரம் மாலைநேரத்தில் வெருகு வந்துவிட்டதைப் பார்த்து, குஞ்சுகளைச் சேர்த்தழைக்கும் வீட்டுக் கோழியின் பதறிய குரலைக் காட்டுகிறார். ஊரார் வாயில் விழும் அம்பலுக்கு அந்தக் குரல்தான் உவமை. அதே தொகையின் 107ஆம் பாட்டில் ஒருத்தி, கணவனோடு தூங்கிய இனிய தூக்கத்தைக் கூவிக் கலைத்த சேவலைச் சபிக்கிறாள். எலி தேடி வரும் வெருகின் குட்டிக்கு நீ வைத்துத் தின்னும் இரையாகப் போ என்று. சாபத்துக்குக்கூட எமன் வேண்டியிருக்கவில்லை, கொல்லைக்கு வரும் பூனையே போதுமாக இருந்தது.

என்னை உட்கார வைத்தது புறநானூற்றின் 326ஆம் பாட்டு. தங்கால் பொற்கொல்லனார் பாடியது. போரும் விருந்தும் பேசவேண்டிய பாட்டு, ஒரு கோழியின் பயத்தில் தொடங்குகிறது. ஊரின் பழைய வேலியில் பதுங்கி நடக்கும் வெருகுக்கு அஞ்சி, ராத்திரியில் ஓர் இளம் பெட்டை தொண்டை வறள அலறுகிறது. பஞ்சு நூற்கிற பெண் ஒருத்தி, பஞ்சிலிருந்து வந்த தூசையும் குப்பையையும் தட்டிப் போட அந்த நேரத்தில் எழுகிறாள். அவள் கையில் ஒரு சிறிய விளக்கு. அந்த வெளிச்சத்தில் முருக்கம்பூப் போன்ற கொண்டையோடு பக்கத்தில் இருக்கும் சேவல் பெட்டையின் கண்ணில் படுகிறது. அலறல் அடங்குகிறது.

அவள் பூனையை விரட்டப் போகவில்லை. தன் வேலைக்காக எழுந்தவள். வேலி அதே பழைய வேலிதான், வெருகும் எங்கோ இருட்டில்தான் இருக்கிறது. கோழிக்குக் கிடைத்தது கொஞ்சம் வெளிச்சமும், வீட்டில் ஒருவர் விழித்திருக்கிறார் என்ற சேதியும். ஆயாவின் பாய்க்கும் கூடைக்கும் நடுவே இருந்த ஒரு முழத்தில் நடந்ததும் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. அவள் இருமல் ஒரு சின்ன விளக்கு.

விழிப்பு என்றால் இமை கொட்டாமல் உட்கார்ந்திருப்பது இல்லை. ஆயா நன்றாகவே தூங்குவாள். காது மட்டும் வேலையில் இருக்கும். பகலில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே, தலை நிமிராமல், "மேல பாரு, பருந்து" என்பாள். இன்னொரு சமயம், "வேலிப் பக்கம் என்னமோ வருது, போய்ப் பாரு" என்பாள். இரண்டும் சரியாக இருக்கும். ஏதோ மாயம் என்று நினைத்திருந்தேன். கோழிகளுக்கு வானத்து எதிரிக்கு ஒரு குரலும் தரையில் வரும் எதிரிக்கு வேறொரு குரலும் இருப்பதை, 1993இல் கிறிஸ்டோபர் எவான்ஸ், லிண்டா எவான்ஸ், பீட்டர் மார்லர் ஆகியோர் சோதனை செய்து எழுதினார்கள். எதிரியே இல்லாத இடத்தில் குரலை மட்டும் ஒலிபரப்பினாலும், முதல் குரலுக்குக் கோழி பதுங்கி மறைவு தேடியது. இரண்டாவது குரலுக்குக் கழுத்தை நீட்டி நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தது. ஆயாவுக்கு அந்த இரண்டு சொல்லும் தெரிந்திருந்தன. கோழி அவளுடைய காவலில் இருந்தது, அவள் கோழியின் பாஷையில் இருந்தாள்.

*

கூண்டே வேண்டாம், எல்லாவற்றையும் முருங்கை மரத்தில் ஏற்றிவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. மொட்டைக்கழுத்து தப்பியது ஒரு ராத்திரி. மரத்தில் அடையும் கோழிக்கு மரநாயும் ஆந்தையும் உண்டு. கூண்டை ஒழுங்காகக் கட்டலாம். அதில் ரகசியம் ஒன்றும் இல்லை. சித்தப்பா வாங்கிய அறுகோண வலை கோழியை உள்ளே நிறுத்தும், அவ்வளவுதான். வெளியே இருப்பதை அது தடுக்காது. மெல்லிய கம்பியை முறுக்கிச் செய்தது, நாய் பல் வைத்து இழுத்தால் பிரிந்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள, பற்றவைத்த கம்பி வலைதான் வேண்டும். அதை ஆணியில் மாட்டினால் போதாது, சட்டம் வைத்து இறுக்க வேண்டும். தோண்டுகிற மிருகம் சுவரின் அடியிலேயேதான் தோண்டும். அதனால் வலையை ஓரடி ஒன்றரையடி வெளிப்பக்கமாகத் தரையில் மடித்துப் புதைத்தால் நகம் அதில் மாட்டும். கொக்கியை மூக்கால் நெம்பலாம், நாதாங்கிக்குக் குறுக்கே ஆணி செருகினால் முடியாது. தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே காற்றுக்கு விடும் இடைவெளிக்கும் வலை வேண்டும். இத்தனையும் செய்தபின் கூண்டில் ஒரே ஓர் ஓட்டை மிஞ்சும்: மாலையில் கதவைச் சாத்த மறந்துபோகும் மனிதர்.

வெளியே இருப்பது யார் என்பதும் காலத்துக்குக் காலம் மாறுகிறது. சின்ன வயதில் ஏரிக்கரைப் பக்கமிருந்து நரி ஊளை கேட்கும். மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று எங்கள் ஏரி. அதை ஒட்டிச் செல்லும் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் இப்போது ராத்திரி முழுக்க லாரிச் சத்தம். நரியைச் சாலையில் அடிபட்டுக் கிடக்கத்தான் பார்க்க முடிகிறது. தமிழருக்கு நரியோடு இருந்த உறவே விசித்திரமானது. கோழித் திருடன் என்று திட்டுவோம். காசு வந்தால் "நரி முகத்துல முழிச்சியா?" என்று கேட்போம். சேலம் மாவட்டம் வாழப்பாடிப் பக்கத்துக் கிராமங்களில் பொங்கலையொட்டி நரியை வலைவைத்துப் பிடித்து ஊர்வலம் விடும் வங்காநரி ஜல்லிக்கட்டு என்றே ஒன்று உண்டு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நரியைக் காப்பதால் வனத்துறை அதைத் தடுக்கிறது, அபராதம் போடுகிறது. நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் போனால் சரி என்ற பழமொழிதான் எனக்கு இவற்றில் நியாயமாகப் படுகிறது. சகுனமும் வேண்டாம், பகையும் வேண்டாம். அதன் வழியில் அது போகட்டும், என் வேலி கெட்டியாக இருக்கட்டும்.

நரி விட்ட இடத்தை நாய் பிடித்துக்கொண்டது. ஊருக்கு வெளியே கொட்டும் கோழிக்கடைக் கழிவில் பெருகும் கூட்டம், பசித்தால் கொல்லைக்கு வருகிறது. ஈரோடு, திருப்பூர் பக்கம் ஆடுகள் பட்டி பட்டியாகச் செத்து, விவசாயிகள் போராடியபின், 2025இல் தமிழக அரசு தெருநாய் கடித்துச் சாகும் கால்நடைகளுக்கு இழப்பீடு தந்தது. ஆட்டுக்கு 6,000 ரூபாய், கோழிக்கு 200. நாய் இருக்கும் இடத்துக்கு அதைவிடப் பெரியதும் வரும். மகாராஷ்டிரத்தில் அகோலே என்ற வயல்காட்டுப் பகுதியில் வித்யா அத்ரேயாவும் மற்றவர்களும் சிறுத்தைகளின் எச்சத்தை ஆராய்ந்தபோது, அவற்றின் உணவில் 87 விழுக்காடு வீட்டுப் பிராணிகளாக இருந்தன. நாய் மட்டும் 39 விழுக்காடு. சிறுத்தை காட்டுக்குள் மட்டும் இருக்கும் என்பது நம் நினைப்பு. 2024 ஏப்ரலில், பக்கத்தில் காடே இல்லாத மயிலாடுதுறையில், கூறைநாட்டுத் தெருவில் ஒரு சிறுத்தை நடந்துபோவது கேமராவில் பதிவாகி, பள்ளிகளுக்கு விடுமுறை விடும் நிலை வந்தது. காவிரிச் சமவெளிக்கு வந்தது எங்கள் பாலாற்றுச் சமவெளிக்கு வராது என்பதற்கு யார் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள்?

இந்தப் பயத்துக்குச் சிலர் கண்டுபிடித்த குறுக்குவழிதான் எனக்குப் பெரிய பயம். திருட்டு மின்வேலி. கம்பியை இழுத்து வீட்டு மின்சாரத்தை அதில் விட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வது. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படி ஒரு வயல்வேலியில் மூன்று யானைகள் செத்தன. உடன் வந்த இரண்டு குட்டிகள் தப்பின. அந்தக் கம்பிக்குப் பன்றி, யானை, பக்கத்து வயல்காரர் மகன் என்ற வித்தியாசம் தெரியாது. இருமத் தெரியாத காவல் அது. தூங்குவதற்காக வைத்த காவல் எதுவும் இந்த இடத்துக்குத்தான் வந்து சேரும்.

*

எங்கள் ஊர்ப் பெருமாள் தாமோதரன். தாமம் என்றால் கயிறு, உதரம் வயிறு. வெண்ணெய் திருடிய பிள்ளையைத் தாய் உரலோடு சேர்த்துக் கட்டிய தழும்பு சாமியின் வயிற்றில் இருப்பதாகக் காட்டுவார்கள்; ஊர்ப் பேருக்கும் அந்தக் கயிற்றையே காரணம் சொல்வார்கள். சின்ன வயதில் இதைக் குறும்பின் கதையாகக் கேட்டேன். இப்போது அதில் யசோதை கட்டியபின் நடந்ததைக் கவனிக்கிறேன். கட்டியாயிற்று என்ற நிம்மதியில் அவள் வீட்டு வேலைக்குத் திரும்புகிறாள். பிள்ளை உரலை இழுத்துக்கொண்டு போய் இரண்டு மருத மரங்களைச் சாய்க்கிறது. கயிறு அவிழவே இல்லை. கண்தான் விலகியது.

உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919இலும் 921இலும் வெட்டியவை, ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம் என்று குடவோலை போட்டு ஆள் எடுத்ததைச் சொல்கின்றன. வருடம் முடிந்தால் வேறு ஆள். காவல் என்பது ஆள் மாறலாம், ஆள் இல்லாமல் இருக்கக் கூடாது என்று தெரிந்தவர்கள். கோழிக்கு வாரியம் வைத்ததாகத் தெரியவில்லை. அந்த வாரியம் வீட்டுக்கு வீடு ஒருத்தியாக இருந்திருக்கும். ஆனாலும் கோழியை மறந்தவர்கள் இல்லை இந்த நாட்டார். மதுராந்தகம் பக்கம் இந்தளூரில் பொற்கொற்றி என்ற சண்டைச் சேவலுக்கு நடுகல் உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்றில், மாடு மீட்கப் போய்ச் செத்த கருந்தேவக்கத்தியோடு அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். கோவிவன் என்று அதற்குப் பேர். கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்வெட்டு சொல்கிறது. காவலுக்குக் கட்டிய எத்தனையோ மதில்கள் அந்த நாளிலும் இருந்திருக்கும். கல்லில் பேர் பொறித்தது விழித்திருந்த ஓர் உயிருக்கு.

ஆயா போய்விட்டாள். கூண்டு இப்போது அம்மாவின் பொறுப்பு. போன வருடம் நானே நின்று அரை அங்குல வலை போட்டு, அடியில் மடித்துப் புதைத்து, நாதாங்கி வைத்து, இருட்டினால் தானே எரியும் சோலார் விளக்கு ஒன்றையும் மாட்டிக் கொடுத்தேன். தைப் பனியில் ஊருக்குப் போயிருந்தபோது ராத்திரி கொல்லையில் ஒரு கெக்கரிப்பு கேட்டு விழிப்பு வந்தது. தரைக் குரலா வானத்துக் குரலா என்று எனக்குப் பிடிபடவில்லை. வலை கெட்டி, ஒன்றும் ஆகாது என்று போர்வையை இழுத்துக்கொண்டேன். அதற்குள் பின்கதவுத் தாழ்ப்பாள் நீங்கும் சத்தம் கேட்டது.

நான் எழுந்து போனபோது அம்மா கூண்டின் முன்னால் நின்றிருந்தாள். சோலார் விளக்கு எப்போதோ அணைந்திருந்தது. அவள் கையிலிருந்த செல்போன் வெளிச்சத்தில் வேலியோரம் எருக்கஞ்செடி அசைந்து நின்றது. காற்றாக இருக்கலாம். "யாரும்மா அங்க?" என்றேன். அவள் திரும்பவில்லை. ஒருமுறை இருமிவிட்டு, வலைக்குள் வெளிச்சத்தை மெல்ல நகர்த்திக்கொண்டே, வாய்க்குள் பேர் சொல்லிக்கொண்டிருந்தாள்: செவல இருக்கா, கருப்பி இருக்கா, மொட்டக்கழுத்து...